ஜாமீன் கேட்கும் அண்ணனிடம் ‘இல்லை’ என்று சொல்வது எப்படி?

கேள்வி: எனக்கு 41 வயது. விருதுநகர் மாவட்டத்தில் அரசு உதவி பெறும் பள்ளியில் ஆசிரியை. யார் எதைக் கேட்டாலும் என் வாயில் ‘சரி’ என்றுதான் வருகிறது. உடன் வேலை பார்க்கும் டீச்சருடைய சீட்டுக்கும், மாமா மகனுடைய வங்கிக் கடனுக்கும் ஏற்கெனவே ஜாமீன் போட்டிருக்கிறேன். இப்போது அண்ணன் கடையை விரிவாக்க 8 லட்சம் கடன் வாங்குகிறார். அடுத்த வாரம் ஃபாரம் கொண்டுவருவதாகச் சொல்லியிருக்கிறார். நாத்தனார் போன வருடம் வாங்கிப்போய் அடகு வைத்த என் 4 பவுன் சங்கிலி இன்னும் வரவில்லை. இந்த மாதம் வளையலையும் கேட்டிருக்கிறார். பள்ளியில் மாணவர் விவரங்களைக் கணினியில் ஏற்றும் எமிஸ் பதிவு முதல் ஆண்டு விழா வரை என் தலையில்தான். பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் இரண்டு பேரும் ராத்திரி 7 மணி வரை எங்கள் வீட்டில்தான். படுத்தால் எல்லார் மேலும் ஆத்திரமாக வருகிறது. காலையில் மறுபடி சிரித்துக்கொண்டே தலையாட்டுகிறேன். ‘ஊருக்கு உழைக்கப் பிறந்தவ’ என்று வீட்டுக்காரர் கேலி செய்கிறார். (என் ஏ.டி.எம். கார்டு அவரிடம்தான் இருக்கிறது, அதில் பிரச்சினை இல்லை.) யார் மனமும் நோகாமல் இல்லை என்று சொல்ல என்ன வழி?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

யார் மனமும் நோகாமல் சொல்ல வழி கிடையாது. அந்த வழி கிடைக்கும் என்று காத்திருந்துதான் இத்தனை கையெழுத்தும் போட்டிருக்கிறீர்கள். உங்கள் அண்ணன் கோவித்துக்கொள்வார். சில நாள், சில வாரம்கூட முகம் கொடுக்காமல் இருப்பார். மரியாதை குறையாமல் மறுப்பது உங்கள் கையில் இருக்கிறது. அதன்பின் அவர் எவ்வளவு நேரம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார் என்பது அவர் கையில். முதல் பாதி உங்களுக்குச் சுலபமாகவே வரும். தினமும் நாற்பது பிள்ளைகளுக்கு முன்னால் நின்று பேசுகிறவர் நீங்கள். பழக வேண்டியது இரண்டாம் பாதியை, அதாவது அவர் கோபமாக இருக்கும்போது ஓடிப்போய்ச் சமாதானம் செய்யாமல் இருப்பதை.

கடிதத்தில் நான்கு விஷயங்களை ஒரே மூச்சில் எழுதியிருக்கிறீர்கள். அவற்றின் எடை வேறு வேறு. பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் விஷயத்தை நாளைக்கே மாற்றிக்கொள்ளலாம். பள்ளி வேலை உங்கள் நேரத்தைத் தின்கிறது. சங்கிலி 32 கிராம் தங்கம். ஜாமீன் கையெழுத்தோ, போட்ட பிறகு நீங்களாகத் திரும்பப் பெற முடியாதது. பொதுவாக இந்தப் பயிற்சியைச் சின்ன விஷயத்தில்தான் தொடங்கச் சொல்வோம். ஆனால் ஃபாரம் அடுத்த வாரமே வருகிறது. அதனால் கையெழுத்தை மட்டும் முதலில் முடித்துவிட்டு, மற்றவற்றுக்குக் கீழிருந்து மேலே போவோம். நான்கையும் ஒரே வாரத்தில் தொடாதீர்கள். தொட்டால் நான்கு பக்கமிருந்தும் கோபம் ஒன்றாக வரும், மூன்றாம் நாளே நான்கையும் விட்டுக்கொடுத்து விடுவீர்கள்.

ராத்திரி எடுக்கும் முடிவு காலையில் ஏன் நிற்பதில்லை என்பதைப் பாருங்கள். ஒருவர் கேட்கும் கணத்தில் நெஞ்சு படபடக்கும், வயிறு கவ்வும். ‘சரி’ என்றதும் அது ஒரே நொடியில் அடங்கிவிடும். அந்த நிம்மதிதான் பழக்கத்துக்குக் கிடைக்கும் கூலி. அதற்கான விலை ராத்திரியோ, அடுத்த மாதத் தவணைத் தேதியிலோ தாமதமாகத்தான் வருகிறது. உடனே கிடைக்கும் நிம்மதியோடு தாமதமாக வரும் விலை போட்டி போட முடியாது. இது பலருக்குச் சிறுவயதில் படிந்த வழக்கம்: பெரியவர்களின் முகம் பார்த்து நடந்தால் வீடு அமைதியாக இருக்கும் என்று கற்றுக்கொண்ட பிள்ளை, வளர்ந்த பிறகும் எதிரில் இருப்பவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கும். இதை முகதாட்சண்யம், நல்ல சுபாவம் என்று நாம் பாராட்டிவிடுகிறோம். உள்ளே இருப்பது பயம். 1958-லேயே ஜோசப் வோல்ப் என்ற மனநல மருத்துவர், மனதில் உள்ளதை நேராகச் சொல்லப் பழக்குவதைப் பதற்றத்துக்கான சிகிச்சையாகவே முன்வைத்தார். நயமாகப் பேசக் கற்பிப்பது அவர் நோக்கமாக இருக்கவில்லை.

ஆகவே முதலில் பழக வேண்டியது ‘இல்லை’ என்ற சொல்லை அல்ல, கேள்விக்கும் பதிலுக்கும் நடுவே நேரம் வாங்குவதை. யார், எவ்வளவு சின்ன விஷயம் கேட்டாலும் அடுத்த மூன்று வாரத்துக்கு இதே பதில்: “யோசிச்சிட்டு வெள்ளிக்கிழமை சாயங்காலம் சொல்றேன்.” நீங்கள் மனதாரச் செய்ய நினைப்பதற்கும் இதையே சொல்லுங்கள். வேண்டாததற்கு மட்டும் நேரம் கேட்டால், ‘யோசிச்சிட்டுச் சொல்றேன்னா மாட்டேன்னு அர்த்தம்’ என்று வீட்டில் எல்லாருக்கும் இரண்டே வாரத்தில் புரிந்துவிடும்.

இதில் சறுக்கும் இடங்கள் உண்டு. நாள் குறிக்காமல் “பார்ப்போம்” என்றால் நம் வீடுகளில் அது சம்மதம். அண்ணன் அன்றைக்கே வங்கியில் உங்கள் பெயரைக் கொடுத்துவிடுவார். நாள் குறித்துவிட்டு நீங்கள் பேசாமலிருந்தாலும் தப்பு. அவர் வந்து கேட்கும்வரை காத்திருந்தால் மறுபடி நேருக்கு நேர் மாட்டிக்கொள்வீர்கள். சொன்ன நாளில் நீங்களே கூப்பிடுங்கள். “அதெல்லாம் முடியாது, இப்பவே சொல்லு” என்று நெருக்கினால், “இப்பவே சொல்லணும்னா இல்லைன்னுதான் சொல்ல முடியும். வெள்ளிக்கிழமை வரைக்கும் பொறுத்தா யோசிச்சுச் சொல்றேன்.” அடுப்பருகில் நிற்கும்போதும், பள்ளி மணி அடிக்கும் நேரத்திலும் வரும் அழைப்பை எடுக்காதீர்கள், அவசரத்தில் வருவது பழைய பதில்தான். வாட்ஸ்அப்பில் நீல டிக் விழுந்துவிட்டதே என்ற கவலையும் வேண்டாம். படித்த உடனே பதில் போட வேண்டும் என்று சட்டமில்லை.

நேரம் வாங்கிய பிறகு உங்களையே ஒன்று கேளுங்கள்: ‘நான் மறுத்தாலும் இவர் துளியும் கோவித்துக்கொள்ள மாட்டார் என்று உறுதியாகத் தெரிந்தால், அப்போதும் இதைச் செய்வேனா?’ செய்வேன் என்று வந்தால் அது பாசம், தாராளமாகச் செய்யுங்கள். மாட்டேன் என்று வந்தால் அவருடைய கோபத்துக்கு அஞ்சித்தான் செய்யப்போகிறீர்கள். பணமோ பொருளோ சம்பந்தப்பட்டதென்றால் கூடவே இன்னொரு கேள்வி: ‘இது முழுசாகப் போய்விட்டால் என் வீடு தாங்குமா?’

இந்த இரண்டாவது கேள்விக்கு ஜாமீன் விஷயத்தில் பதில் சொல்ல, நீங்கள் எதில் கையெழுத்திட்டீர்கள் என்று தெரிந்திருக்க வேண்டும். ‘சும்மா ஒரு ஃபார்மாலிட்டி’ என்று சொல்லித்தான் எல்லாரும் வாங்குகிறார்கள். 1872-ம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் 128-வது பிரிவின்படி, ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதியிருந்தாலொழிய, கடன் வாங்கியவருக்கு எவ்வளவு பொறுப்போ அவ்வளவும் ஜாமீன்தாரருக்கும் உண்டு. முதலில் அவரிடம் முழுசாக வசூல் செய்து பார்த்துவிட்டுத்தான் உங்களிடம் வர வேண்டும் என்ற கட்டாயம் கிடையாது. மாதச் சம்பளக்காரரைத் தேடி வருவதற்குக் காரணமே அந்தச் சம்பளம்தான். நீதிமன்றத் தீர்ப்பின் பேரில் சம்பளத்தைப் பிடித்தால், உரிமையியல் நடைமுறைச் சட்டம் 60-வது பிரிவு முதல் 1,000 ரூபாயையும் மீதியில் மூன்றில் இரண்டு பங்கையும் உங்களுக்கு விட்டுவைக்கிறது. கணக்கில் எடுக்கும் சம்பளம் 61,000 என்றால் மாதம் 20,000 வரை போகலாம். ஒரே தீர்ப்புக்கு அதிகபட்சம் 24 மாதம் பிடிக்கலாம், 4,80,000 ரூபாய். சம்பளத்தில் நேராகப் பிடித்துக்கொள்ளச் சம்மதக் கடிதம் எதிலாவது கையெழுத்திட்டிருந்தால் அந்தக் கணக்கு தனி. அந்தக் காகிதத்தைத் தேடி எடுத்து வாசியுங்கள்.

ஏற்கெனவே போட்ட இரண்டைப் பற்றி நீங்கள் ஒரு வரிக்கு மேல் எழுதவில்லை. எனக்கு அதுதான் உறுத்துகிறது. அண்ணனுக்குப் பதில் சொல்லும் முன்பே இதைப் பாருங்கள். சிபில் போன்ற கடன் தகவல் நிறுவனங்கள் ஒவ்வொன்றும் வருடத்துக்கு ஒருமுறை முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும். அதை எடுத்தால், ஜாமீன்தாரராக உங்கள் பெயர் ஏறியிருக்கும் வங்கிக் கடனும், அதன் நிலுவையும், தவணை தவறியிருக்கிறதா என்பதும் தெரியும். சீட்டுப் பாக்கிக்கு அதை நம்பியிருக்காமல் நிறுவனத்துக்கே நேரில் போய், சீட்டு எடுத்தவர் எத்தனை தவணை கட்டியிருக்கிறார், எத்தனை பாக்கி என்று எழுத்தில் கேளுங்கள். கேட்பதற்குக் கூச்சப்பட வேண்டாம். கட்ட வேண்டிய கட்டாயம் வந்தால் கட்டப்போவது நீங்கள். போட்ட ஜாமீனிலிருந்து நீங்களாக விலக முடியாது. வேறு ஜாமீன்தாரரைக் கொடுத்து, கடன் கொடுத்தவர் ஒப்புக்கொண்டால்தான் உண்டு. நீங்கள் கட்ட நேர்ந்தால் கட்டிய தொகையைக் கடனாளியிடமிருந்து வசூலிக்கும் உரிமை அதே ஒப்பந்தச் சட்டத்தின் 145-வது பிரிவில் இருக்கிறது. அதனால் கையில் பணமாகக் கொடுக்காமல், வங்கி வழியாகக் கட்டி ரசீதை வைத்துக்கொள்ளுங்கள். ஏதேனும் தவறியிருப்பது தெரிந்தால் வழக்கறிஞர் ஒருவரை ஒரு மணி நேரம் பார்ப்பது வீண் செலவாகாது.

இப்போது அண்ணன். வெள்ளிக்கிழமை நீங்களே கூப்பிடுங்கள். வீட்டுக்கு வரச் சொல்ல வேண்டாம். ஃபாரத்தையும் பேனாவையும் எடுத்து எதிரில் வைத்துவிட்டால் உங்கள் கை பழைய வேலையைச் செய்யும். பேச வேண்டியது இவ்வளவுதான்:

“அண்ணே, ஜாமீன் விஷயமா யோசிச்சேன். இனிமே யாருக்கும் ஜாமீன் போடுறதில்லைன்னு முடிவு பண்ணியிருக்கேன். உங்களுக்கும் போட முடியாது. ஃபாரம் கொண்டுவர வேண்டாம்.”

காரணம் சொல்லாதீர்கள். காரணம் சொல்லிப் பழகிய நமக்கு இது முரட்டுத்தனமாகத் தோன்றும். ஆனால் ஒவ்வொரு காரணமும் ஒரு பேரத்துக்கு வழி திறக்கிறது. ‘வீட்டுக்காரர் வேண்டாங்கிறார்’ என்றால் “மாப்பிள்ளைகிட்ட நான் பேசிக்கிறேன்” என்பார். உங்கள் மறுப்பு இரண்டு ஆண்களின் சண்டையாக மாறும். ‘ஏற்கெனவே ரெண்டு போட்டிருக்கேன், பேங்க்ல ஒத்துக்க மாட்டாங்க’ என்றால் “மேனேஜர் நம்ம ஆளு” என்பார். ‘பிள்ளை படிப்புச் செலவு இருக்கு’ என்றால் “நான் என்ன உன் காசையா கேட்டேன், கையெழுத்துத்தானே” என்பார். ஒவ்வொன்றிலும் காரணம் உடையும், உடைந்ததும் உங்களிடம் வேறு பதில் இருக்காது. ‘யாருக்கும் போடுறதில்லை’ என்பதில் உடைக்க எதுவுமில்லை, அவரை நம்பவில்லை என்ற குத்தலும் இல்லை. ஒரு எச்சரிக்கை: இதைச் சொன்ன பிறகு ஆறு மாதம் கழித்து வேறொருவருக்குக் கையெழுத்திட்டால் அண்ணனுடைய கோபம் நியாயமாகிவிடும்.

அவர் விடமாட்டார். “அப்பா இருந்திருந்தா இப்படிப் பேசுவியா? உன் கல்யாணத்துக்கு நான் எவ்வளவு ஓடினேன்?” என்று வரும். வாதாடாதீர்கள், மறுக்கவும் வேண்டாம். “நீங்க செஞ்சதை நான் மறக்கலண்ணே. கையெழுத்து மட்டும் போடுறதில்ல.” மறுபடி கேட்டால் அதே வாக்கியம், அதே குரலில். மூன்றாவது முறைக்குப் பிறகு, “நான் சொல்ல வேண்டியதைச் சொல்லிட்டேன்ணே, நாளைக்குப் பேசுறேன்” என்று போனை வைத்துவிடுங்கள். ஒவ்வொரு முறையும் புதுச் சொல்லில் விளக்கப் போனால், நீங்கள் இன்னும் முடிவு செய்யவில்லை என்றுதான் அவர் எடுத்துக்கொள்வார். குரல் நடுங்கினால் நடுங்கட்டும். ஆனால் சிரிக்காதீர்கள். சங்கடத்தில் வரும் அந்தச் சிரிப்பைப் பார்த்து, இன்னும் இரண்டு தடவை கேட்டால் இறங்கி வருவாள் என்று எதிரில் இருப்பவர் கணக்குப் போடுகிறார். வியாழக்கிழமை இரவே கண்ணாடி முன்னால் பத்துத் தடவை சத்தமாகச் சொல்லிப் பாருங்கள். மனதுக்குள் சொல்லிப் பார்ப்பது உதவாது; வாய்க்குத்தான் பழக்கம் வேண்டும்.

அண்ணனுக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று உங்களுக்கே தோன்றினால், திரும்பி வராவிட்டாலும் பரவாயில்லை என்கிற தொகை எதுவோ, பத்தாயிரமோ இருபதாயிரமோ, அதை வீட்டில் பேசி முடிவு செய்து ஒரு வாரம் கழித்துக் கொடுங்கள். அதே அழைப்பில் சொல்லாதீர்கள். மறுத்த கையோடு நீட்டும் பணம் பேரத்தின் முதல் விலையாகத்தான் கேட்பவர் காதில் விழும்.

இனி வெள்ளிக்கிழமை இரவு. நெஞ்சு அடிக்கும், ‘பாவம் அண்ணன்’ என்று தோன்றும், கை போனைத் தேடும். இருபது வருடப் பழக்கத்தை மீறினால் குற்ற உணர்ச்சி வரத்தான் செய்யும். தப்புச் செய்யாவிட்டாலும் வரும். அது வருவதை வைத்து நீங்கள் செய்தது சரியா தவறா என்று முடிவு கட்டாதீர்கள். மூச்சை இழுப்பதைவிட விடுவதற்கு அதிக நேரம் எடுத்து ஐந்து நிமிடம் விடுங்கள், நடங்கள், பாத்திரம் விளக்குங்கள். மறுநாள் காலைவரை சமாதானம் சொல்லத் திருப்பிக் கூப்பிடுவதில்லை என்பது மட்டும் விதி. கூப்பிட்டுவிட்டால் படபடப்பு தானாக அடங்குவதை நீங்கள் பார்க்கவே மாட்டீர்கள். அடுத்த முறையும் அதே பயம் அதே உயரத்தில் நிற்கும்.

அடுத்து அம்மாவிடமிருந்து போன் வரும். நம் குடும்பங்களில் முறையீடு அங்கேதான் போகும். “என்னடி, அண்ணனுக்கு ஒரு கையெழுத்துப் போட மாட்டியாமே?” “அது எனக்கும் அண்ணனுக்கும் நடந்த பேச்சும்மா, அவர்கிட்டயே பேசிக்கிறேன். நீ மாத்திரை போட்டியா?” அம்மாவை நடுவராக்கி உங்கள் பக்க நியாயத்தை அடுக்க ஆரம்பித்தால், அது மறுநாள் இரண்டு மடங்காக அண்ணன் வீட்டுக்குப் போய்ச் சேரும்.

இந்த நெருக்கடி முதலில் கூடும், பிறகுதான் குறையும். இதுவரை கேட்டதும் கிடைத்தது, இப்போது கிடைக்கவில்லை என்றால் இன்னும் பலமாகக் கேட்டுப் பார்ப்பது மனித இயல்பு. இங்கேதான் பெரும்பாலானவர்கள் கவிழ்கிறார்கள். ஐந்தாவது முறை கேட்கும்போது இறங்கி வந்தால், முதல் முறையே சரி என்று சொல்லியிருப்பதைவிட மோசம்: ஐந்து முறை கேட்டால் கிடைக்கும் என்று அவர்களுக்கு நீங்களே சொல்லிக் கொடுத்ததாகிவிடும். தாங்கிப் பிடிக்க முடியாத எல்லையைப் போடாமல் இருப்பதே மேல்.

மறுத்தால் பிறர் எவ்வளவு வருந்துவார்கள் என்பதை நாம் மிகையாகவே கணக்கிடுகிறோம் என்று ஜூலியன் கிவி, காலீன் கிர்க் என்ற ஆய்வாளர்கள் 2023-ல் காட்டினார்கள். விருந்துக்கும் நிகழ்ச்சிகளுக்கும் வரும் அழைப்பை மறுப்பது பற்றிய ஆய்வு அது. கூடப் பிறந்தவருக்கு ஜாமீன் மறுப்பதற்கு அதை அப்படியே பொருத்த மாட்டேன். ஆனாலும் உங்கள் கணக்கு எவ்வளவு மிகை என்பதை நீங்களே சோதிக்கலாம். ஒரு நோட்டில் நான்கு பத்தி: யார் என்ன கேட்டார், மறுத்தால் என்ன ஆகும் என்று பயந்தேன், என்ன சொன்னேன், ஏழு நாள் கழித்து என்ன ஆகியிருக்கிறது. இரண்டாவது பத்தியை மறுக்கும் முன்பே எழுதிவிட வேண்டும். பின்னால் எழுதினால் நடந்ததற்கேற்ப நினைவு தன்னைத் திருத்திக்கொள்ளும்.

ஜாமீன் பேச்சு அடங்கியதும் சின்னதிலிருந்து தொடங்குங்கள். பக்கத்து வீட்டு அம்மாவிடம் ஒரு வாரம் முன்னதாகச் சொல்லுங்கள்: “அடுத்த திங்கள்ல இருந்து 6 மணி வரைக்கும்தான் பிள்ளைகளைப் பார்த்துக்க முடியும். 6 மணிக்கு நானே கொண்டுவந்து விட்டுடுறேன். நீங்க வர லேட்டாகும்னா யார் வீட்டுல விடணும்னு சொல்லிடுங்க.” இந்த அமைப்பைக் கவனியுங்கள். ‘நீங்கள் சீக்கிரம் வர வேண்டும்’ என்று கேட்டால் அது நிறைவேறுவது அவர் கையில். ‘6 மணிக்கு நான் கொண்டுவந்து விடுவேன்’ என்பது உங்கள் கையில். எல்லை எதுவானாலும் நீங்கள் என்ன செய்வீர்கள் என்பதாகவே அமைய வேண்டும். திங்கள்கிழமை 6 மணிக்குச் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுங்கள். 6.20 ஆக விட்டால் மறுநாள் 6.45 ஆகும்.

பள்ளியில் சக ஆசிரியர்களுக்கும் ஹெச்.எம்.-முக்கும் ஒரே பதில் செல்லாது. சக ஆசிரியர் தன் வகுப்பு எமிஸ் பதிவை நீட்டினால், “இந்த வாரம் என்னால முடியாது டீச்சர். எப்படிப் போடணும்னு மத்தியானம் பத்து நிமிஷம் காட்டித் தர்றேன்.” காட்டித் தந்த பிறகு எழுந்து வந்துவிடுங்கள், பக்கத்திலேயே இருந்தால் விசைப்பலகை உங்கள் பக்கம் நகர்ந்துவிடும். ஹெச்.எம். கொடுக்கும் வேலையை முகத்துக்கு நேராக மறுப்பது சரிவராது, பல சமயம் அது உங்கள் கடமையாகவும் இருக்கும். அங்கே முன்னுரிமையைக் கேளுங்கள்: “செய்றேன் மேடம். இப்ப கையில பத்தாம் வகுப்பு மதிப்பெண் பதிவும் ஆண்டு விழா வேலையும் இருக்கு. இதை எடுத்தா அதுல எதைத் தள்ளிவைக்கலாம், இல்ல வேற யார்கிட்ட கொடுக்கலாம்னு சொல்லுங்க.” பேசிய பிறகு அதையே இரண்டு வரியில் செய்தியாகவும் அனுப்பிவிடுங்கள். உங்கள் மேசையில் எத்தனை வேலை இருக்கிறது என்பது அவருக்கே தெரியாமலிருக்கலாம். கேட்டதும் சிரித்து வாங்கிக்கொள்பவரிடம் யாரும் எண்ணிப் பார்ப்பதில்லை.

நகை விஷயத்தில் பேச வேண்டியவர் உங்கள் கணவர். அவரவர் கூடப் பிறந்தவர்களிடம் அவரவர் பேசுவதுதான் நல்லது. மருமகள் வாயிலிருந்து வந்தால் அது வேறு கதையாகிவிடும். என்ன சொல்வது என்பதை மட்டும் இருவரும் முன்பே பேசி ஒரே வாக்கியத்தில் நில்லுங்கள்: “சங்கிலி வரட்டும், அப்புறம் மத்ததைப் பேசலாம்.” வளையலைப் பற்றிப் பேசும் முன் சங்கிலியின் அடகு ரசீதைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள்: எங்கே, யார் பெயரில், எவ்வளவு தொகைக்கு, எந்தத் தேதிக்குள் திருப்ப வேண்டும். நகை உங்களுடையதானாலும் கெடு முடிந்தால் ஏல அறிவிப்பு அடகு வைத்தவர் பெயருக்குத்தான் போகும், உங்கள் வீட்டுக்கு வராது. போன வருடம் வைத்தது என்றால் கெடு நெருங்கியிருக்கலாம் அல்லது தாண்டியிருக்கலாம். வளையலை வங்கி லாக்கருக்கு மாற்றிவிடுங்கள். வீட்டு பீரோவில் இருந்தால் ‘சரி’ என்பதற்கும் எடுத்துக் கொடுப்பதற்கும் இரண்டு நிமிடம்தான். லாக்கர் என்றால் யோசிக்க ஒரு நாளாவது கிடைக்கும்.

நேரெதிராகவும் ஒரு விபத்து நடக்கும். இரண்டு மூன்று வெற்றிக்குப் பிறகு, இத்தனை வருடம் அடக்கி வைத்தது ஏதாவது ஒரு கல்யாண வீட்டில் மொத்தமாக வெளியே கொட்டும். மொய்க் கணக்கிலிருந்து பழைய பேச்சு வரை எல்லாம் வரும். அப்படிக் கொட்டினால் ‘பார்த்தியா, இவளுக்கு மனசுல இவ்வளவு இருந்திருக்கு’ என்றாகி நீங்கள் கேட்ட நியாயமான விஷயமும் அடிபடும். இன்றைய கோரிக்கைக்கு இன்று மட்டும் பதில். குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ‘இனி நான் மாறிவிட்டேன்’ என்று அறிவிப்பதும் வேண்டாம். சில உதவிகளை விடாமல் செய்யுங்கள். அம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போவது உங்களுக்குப் பிடித்துச் செய்வது என்றால் அதையும் எல்லைக் கணக்கில் சேர்த்து மறுக்க வேண்டியதில்லை.

கடைசியாக, அடைப்புக்குறிக்குள் எழுதியிருந்தீர்களே, ஏ.டி.எம். கார்டு. கடைத்தெருவுக்குப் போகிறவர் அவர் என்பதால் கார்டு அவரிடம் இருக்கலாம், பல வீடுகளில் அப்படித்தான். வித்தியாசம் தெரிய ஒரு கேள்வி போதும்: நாளைக் காலை ‘கார்டை நான் வெச்சிக்கிறேன்’ என்றால் என்ன நடக்கும்? “இந்தா” என்று கொடுத்துவிடுவார் என்றால் அதில் பிரச்சினை இல்லை என்று நீங்கள் எழுதியது சரி. முகம் சுளிப்பார், கேலி செய்வார் என்றால் அதுவும் மேலே சொன்ன பட்டியலில் ஐந்தாவதாகச் சேர்ந்து பேசித் தீர்க்க வேண்டிய விஷயம். கத்துவார், அடிப்பார், வீட்டை விட்டுப் போகச் சொல்வார் என்ற பயம் எழுந்தால், இந்தக் கடிதத்தில் நான் எழுதிக்கொடுத்த வாக்கியங்களை அவரிடம் பயிற்சி செய்து பார்க்காதீர்கள். அது முகதாட்சண்யம் அல்ல. உங்கள் சம்பளத்தை உங்களிடமிருந்து பறித்து வைப்பதை, 2005-ம் ஆண்டின் குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டம் பொருளாதார வன்முறை என்ற கணக்கில் வைக்கிறது. 181 பெண்கள் உதவி எண்ணில் எந்த நேரமும் பேசலாம். அவர் வீட்டில் இல்லாத நேரத்தில், முடிந்தால் வேறொருவர் போனிலிருந்து கூப்பிடுங்கள்.

ராத்திரித் தூக்கம் கெடுவதும் மனம் தளர்ந்தே இருப்பதும் இரண்டு வாரத்துக்கு மேல் நீண்டாலோ, வாழப் பிடிக்கவில்லை என்ற எண்ணம் ஒருமுறை வந்தாலோ, எல்லைப் பயிற்சியைத் தள்ளிவைத்துவிட்டு 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் பேசுங்கள். கட்டணம் இல்லை, தமிழில் பேசலாம். மாவட்ட அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு நேரிலும் போகலாம்.